குற்றாலத்துல மூணு நாள்... மிச்ச 362 நாள்? சருமம் இளமையா இருக்க உதவும் தினசரிப் பழக்கங்கள்!

ஜூன் மாதம் பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியா உள்ளே நுழைஞ்சதும் தென்காசியோட முகமே மாறிடும். மலை மேல மேகம், ரோட்டுல சாரல், பஸ் ஸ்டாண்டுல தோளில் துண்டோட கூட்டம். மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவினு ஒரு ரவுண்டு அடிச்சிட்டு, ரூமுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தா முகம் பளபளன்னு இருக்கும். உடனே ஒரு செல்ஃபி. 'குற்றாலத் தண்ணிக்கே ஒரு தனி மகிமை இருக்குடா'னு ஒரு கேப்ஷன்.

அந்தப் பளபளப்பு உண்மைதான். எண்ணெய் மசாஜ் செய்யும்போது ரத்த ஓட்டம் கூடுது. தேய்த்த எண்ணெய் தோலின் வறட்சியை மூடி வழவழப்பாக்குது. அருவி அழுக்கை அடிச்சிட்டுப் போகுது. போனைப் பார்க்காம ராத்திரி நல்லாத் தூங்குறோம். இது எல்லாம் சேர்ந்த பலன்தான் அந்த முகம்.

ஊருக்குத் திரும்பின ரெண்டே நாள்ல பழைய முகம் வந்துடும். அப்போதான் பலரும் ஒரு தப்பு பண்ணுறோம். அந்தப் பளபளப்பை ஒரு ட்யூபுக்குள்ள தேட ஆரம்பிக்கிறோம். நானும் தேடினேன், அதுக்கு எட்டு மாசம் விலை கொடுத்தேன். அந்தக் கதையைப் பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி, வருஷத்துல மிச்சம் இருக்கிற 362 நாளும் சருமத்துக்கு என்ன செய்யணும்னு பார்த்துடலாம். பெரிய செலவு எதுவும் கிடையாது.

முதல்ல, தோல் எப்படி வேலை செய்யுது?

நம்ம உடம்பிலேயே பெரிய உறுப்பு தோல்தான். அதன் மேலடுக்கில் புது செல்கள் அடியில் உருவாகி, மெல்ல மேலே வந்து, காய்ந்து உதிர்கின்றன. இளம் வயதில் இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். வயது கூடக்கூட வேகம் குறையும்.

அதனால, 'ஏழே நாளில் மாற்றம்'னு எந்த விளம்பரம் சொன்னாலும் கொஞ்சம் நின்னு யோசிங்க. ஒரு சுற்று முடியவே ஒரு மாசம் ஆகும்போது, ஏழு நாள்ல கலரை மாத்துற பொருள் உங்க தோலை என்ன பண்ணிட்டிருக்கு?

தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. பி.ஹெச் அளவில் சுமார் 5. செல்களுக்கு நடுவில் கொழுப்புப் பொருள்கள் இருந்து ஈரம் வெளியேறாமல் தடுக்கும். இதைத்தான் தோலின் 'தடுப்பு அரண்'னு சொல்றாங்க. செங்கல் சுவருக்கு நடுவில் இருக்கும் சாந்து மாதிரி. இந்தச் சாந்து கரையாமப் பார்த்துக்கிறதுதான் சருமப் பராமரிப்பில் பாதி வேலை. மீதிப் பாதி, வெயில்.

பழக்கம் 1: சாரல் அடிச்சாலும் சன்ஸ்கிரீன்

எங்க ஆச்சிக்கு எண்பது வயசு தாண்டிடுச்சு. வயல் வேலை பார்த்தவங்க. முன்கையில் தோல் சுருங்கி, புள்ளி புள்ளியா கறுத்திருக்கும். ஆனா கையைத் தூக்கினா, மேல்கையின் உள்பக்கம் வழுவழுன்னு இருக்கும். ரெண்டுக்கும் ஒரே வயசுதான். ஒண்ணு வெயில் பட்டது, இன்னொண்ணு படாதது. உங்க வீட்டுல இருக்கிற பெரியவங்க கையை ஒரு தடவை பாருங்க, உடனே புரிஞ்சிடும்.

இதை மருத்துவ உலகத்துக்குக் காட்டிய ஒரு பிரபலமான போட்டோ உண்டு. 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் முகம். இடது பக்கம் மட்டும் தடித்து, ஆழமாச் சுருங்கி, வலது பக்கத்தைவிடப் பல வயசு கூடுதலாத் தெரியும். அங்கே டிரைவர் சீட் இடது பக்கம். ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் 'யுவிபி'யைப் பெருமளவு தடுத்துவிடும், 'யுவிஏ'வை அப்படித் தடுக்காது. தோலின் ஆழம் வரை போய்ச் சுருக்கம் கொண்டுவருவது இந்த யுவிஏதான். நம்ம ஊர்ல டிரைவருக்கு வலது பக்கம். மதுரை பஸ்ல தினமும் ஜன்னல் சீட் பிடிக்கிறவங்களுக்கு அவங்க உட்கார்ற பக்கம்.

மேகமும் அப்படித்தான். லேசான மேகத்தைத் தாண்டி 80 சதவிகிதம் வரைக்கும் புற ஊதாக் கதிர் வந்துவிடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. சீசன்ல வெயிலின் சூடு தெரியாததால நாம கவனிக்கிறதே இல்லை. சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்துல ரீல்ஸ் எடுக்க ரெண்டு மணி நேரம் நிக்கிறவங்க, சாயங்காலம் முகம் கறுத்ததும் 'காத்துல கறுத்துட்டேன்'னு சொல்வாங்க. கறுக்க வெச்சது மேகத்துக்கு மேல இருந்த சூரியன்.

'நாமளே மாநிறம், நமக்கு எதுக்கு சன்ஸ்கிரீன்?'னு கேட்கலாம். நம்ம தோலில் மெலனின் அதிகம் என்பதால் வெயில் கொப்புளமும் தோல் புற்றுநோயும் குறைவு, அது நமக்குக் கிடைத்த வரம். ஆனா நம்மைப் போன்ற தோலில் வயசு முதலில் சுருக்கமா வர்றதில்லை. மங்கு, கரும்புள்ளி, திட்டுத்திட்டான நிறம் எனத்தான் வரும். மூணையும் அதிகமாக்குவது வெயில்.

ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை வருஷம் கவனித்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2013-ல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்கு, தோன்றும்போது மட்டும் போட்டவர்களைவிட, தோல் மூப்பு 24 சதவிகிதம் குறைவாக இருந்தது. இத்தனைக்கும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: 'தினமும்'.

எப்படிப் போடணும்?

* எஸ்.பி.எஃப் 30 அல்லது 50. முப்பது என்பது யுவிபி கதிரில் சுமார் 97 சதவிகிதத்தையும், ஐம்பது சுமார் 98 சதவிகிதத்தையும் தடுக்கும். நூறு தேடி அலைய வேண்டாம்.
* யுவிஏ பாதுகாப்புக்கு 'பிஏ+++' அல்லது அதற்கு மேல் இருக்கானு பாருங்க.
* ஆள்காட்டி விரல், நடு விரல் ரெண்டிலும் நுனி வரை நீளமாப் பிதுக்கினால் வரும் அளவு, முகத்துக்கும் கழுத்துக்கும். பட்டாணி அளவு போட்டா டப்பாவில் போட்டிருக்கிற பாதுகாப்பு கிடைக்காது.
* வெளியில இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அருவியில் குளிச்சு வந்ததும் மறுபடியும்.
* மங்கு இருக்கிறவங்க, நிறம் கலந்த 'டின்டட்' சன்ஸ்கிரீனைப் பாருங்க. அதிலுள்ள இரும்பு ஆக்ஸைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியால் வரும் கறுப்பையும் குறைக்கும்.

கையில காசில்லையா? குடை, முழுக்கை சட்டை, பருத்தித் துப்பட்டா, பைக்குன்னா முழு முகத்தையும் மூடுற ஹெல்மெட். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை நிழல். தமிழ்நாட்டில் வெயில் நாட்களின் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 10-ஐத் தாண்டுவது சாதாரணம். மூன்றை எட்டினாலே பாதுகாப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பழக்கம் 2: குளியல்ல கொஞ்சம் அடக்கம்

சாதாரண சோப்புக் கட்டியின் பி.ஹெச் 9 முதல் 10 வரை இருக்கும். தோலோ 5. நுரை பொங்கத் தேய்த்துக் குளித்ததும் தோல் 'கிறீச்' என்று இழுக்கிற மாதிரி இருந்தால், அது சுத்தத்தின் அடையாளம் கிடையாது. சாந்து கரைஞ்சதுக்கான அடையாளம்.

அக்குள், கால் இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு சோப்பு போதும். மற்ற இடங்களுக்குத் தண்ணீரும் லேசான பாடிவாஷும். முகத்துக்கு காலை, இரவு என இரண்டு தடவை ஃபேஸ்வாஷ். வியர்த்தால் வெறும் தண்ணீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குளிக்கிற பழக்கத்தை விட்டுடுங்க, வெதுவெதுப்பு போதும். பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம். அரைத்த ஓடுகள் கலந்த ஸ்க்ரப்பை வெச்சு மூக்கைச் சொரசொரன்னு தேய்க்கிறதும் வேண்டாம்.

எண்ணெய்க் குளியல்? தாராளமா. வறண்ட தோலுக்கு வாரம் ஒருமுறை நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ நல்லது. ஆனா முகப்பரு வர்றவங்க தேங்காய் எண்ணெயை முகத்துல மட்டும் தவிர்த்திடுங்க, துவாரங்களை அடைச்சு பருவைக் கூட்டும். குற்றாலத்துல மசாஜ் முடிச்சிட்டு நேரா அருவிக்கு ஓடுறவங்களுக்கு ஒரு விஷயம்: அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை இருக்கு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் இதைக் கண்டிப்பாச் சொல்லியிருக்கு. நீங்க கழுவி விடுற எண்ணெய் சிற்றாற்றில் இறங்கி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேருது. வழியில அந்தத் தண்ணியை நம்பி எத்தனையோ ஊர் இருக்கு. ரூம்ல எண்ணெயைக் கழுவிட்டு அருவிக்குப் போங்க. வழுக்கி விழுற ஆபத்தும் குறையும்.

பழக்கம் 3: ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர்

ஆடிக் காத்து மலையடிவாரத்துல சாரலோட வரும். அதே காத்து பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம்னு கிழக்கே போகப்போக ஈரத்தை இழந்து வறண்டு வீசும். அங்கே இருக்கிறவங்களுக்கு உதடு வெடிப்பும் கால் தோல் வெள்ளையா செதில் பூத்திருப்பதும் பழகின விஷயம். சென்னையில் ஏ.சி ரூமுக்குள்ள உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் நடக்கிறது இதேதான்.

தீர்வு நேரத்தில் இருக்கு. துண்டால் ஒற்றி எடுத்து, தோல் லேசா ஈரமா இருக்கும்போதே, குளித்த மூணு நிமிஷத்துக்குள்ள மாய்ஸ்சரைசர் தடவிடணும். அது ஈரத்தை உள்ளேயே பூட்டிடும். கிளிசரின், செராமைடு, பெட்ரோலியம் ஜெல்லி இவற்றில் எது இருந்தாலும் சரி. விலை கூடினா வேலை கூடும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. எண்ணெய் வடியும் முகம்னா ஜெல் வகை. உதட்டுக்கு ராத்திரி பெட்ரோலியம் ஜெல்லி. நாக்கால நக்கி ஈரமாக்குறது வெடிப்பைக் கூட்டும்.

பழக்கம் 4: ஈரத்துணியோட சுத்தாதீங்க

சீசன்ல நிறைய பேர் செய்றது இது. அருவியில் குளிச்சிட்டு, நனைஞ்ச ஷார்ட்ஸோடவே பஜ்ஜி, அப்புறம் கடைத்தெரு, அப்புறம் அடுத்த அருவி. இடுப்பு, தொடை இடுக்கில் ஈரம் நாள் முழுக்க நிற்கும். பூஞ்சைக்கு இதைவிடச் சொகுசான இடம் கிடையாது. பத்து நாள் கழிச்சு வட்டமா, விளிம்பு சிவந்து, தாங்க முடியாத அரிப்போட வரும். அதுதான் படர்தாமரை.

கடந்த சில வருஷங்களா இந்தியாவில் படர்தாமரை லேசில் குணமாகாம மருத்துவர்களைத் திணறடிக்குது. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத பூஞ்சை இங்கே பரவியிருக்கு. அதன் பெயரே 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே'. பெயரிலேயே இந்தியா இருக்கு! இது இப்படி ஆனதுக்கு, ஸ்டீராய்டு கலந்த கலவை க்ரீம்களை இஷ்டத்துக்குத் தடவுறதும் ஒரு முக்கியக் காரணமா மருத்துவர்கள் சொல்றாங்க. தடவினதும் அரிப்பு நிக்கும், உள்ளே பூஞ்சை பரவும்.

குளிச்சதும் துடைச்சு, உலர்ந்த பருத்தி உள்ளாடைக்கு மாறுங்க. துண்டைப் பங்கு போட வேண்டாம், நண்பனா இருந்தாலும். வீட்டில் யார் யாருக்கு வந்திருக்கோ அவங்க எல்லாரும் ஒரே நேரத்துல சிகிச்சை எடுங்க, துணிகளை வெந்நீரில் துவைச்சு வெயிலில் காய வைங்க.

பழக்கம் 5: பேர் தெரியாத ட்யூபைத் தொடாதீங்க

இப்போ என் கதை. காலேஜ் படிக்கும்போது சித்தி பொண்ணு கல்யாணம். பத்து நாள்தான் இருந்தது. ஒரு மருந்துக் கடையில் போய், "அண்ணாச்சி, முகம் கொஞ்சம் கலராக ஏதாச்சும் குடுங்க"னு கேட்டேன். "இதைப் போடும்மா, ஒரு வாரத்துல தெரியும்"னு ஒரு சின்ன ட்யூப் கொடுத்தார். சொன்ன மாதிரியே தெரிந்தது. பரு போச்சு, முகம் வெளுத்தது. கல்யாணத்துல எல்லாரும் கேட்டாங்க. அந்தப் பாராட்டுக்காகவே தொடர்ந்து நாலு மாசம் போட்டேன்.

ஒருநாள் ட்யூப் தீர்ந்துபோச்சு. மூணாம் நாள் முகம் மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரிஞ்சது. வெயில்ல நிக்க முடியலை. கன்னத்தில் மெல்லிசா சிவப்பு நரம்புகள், தாடையில் பருக் கூட்டம், மீசை இடத்தில் முடி. மறுபடி போட்டா அடங்கும், விட்டா எரியும். தோல் மருத்துவரிடம் போனப்போ, ட்யூபைத் திருப்பிப் பார்த்துட்டு அவங்க கேட்ட முதல் கேள்வி, "இதை யாரும்மா உனக்கு எழுதிக் கொடுத்தாங்க?" யாரும் எழுதிக் கொடுக்கலை. முகம் பழைய நிலைக்கு வர எட்டு மாசம் ஆச்சு.

அந்த ட்யூபில் இருந்தது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் போன்ற பெயர்களில் வரும். இவை நல்ல மருந்துகள், எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு மருத்துவர் சொல்லும் நாள் கணக்கில் போட வேண்டியவை. முகத்துத் தோல் மெல்லிசு, மருந்தை அதிகமா உறிஞ்சும். மாசக்கணக்கில் போட்டா தோல் தேய்ந்து, அது இல்லாம இருக்க முடியாத நிலைக்குப் பழகிடும். ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாம விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனா, கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கடைகளும், 'அக்கா போட்டாங்க, நல்லா கேட்டுச்சு'னு கை மாறும் ட்யூபுகளும் இன்னும் இருக்கு.

இதைவிட மோசமானது பாதரசம். மெலனின் உருவாவதைத் தடுப்பதால், சில சிவப்பழகு க்ரீம்களில் திருட்டுத்தனமாச் சேர்க்கிறாங்க. செங்கோட்டையைத் தாண்டினா கேரளா. அங்கே மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனிச்சாங்க. 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை 22 பேருக்கு ஒரே வகைச் சிறுநீரக நோய். அதில் 15 பேருக்கு அரிதான ஒரு துணைவகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் போட்டவங்க. காரணம், க்ரீமில் இருந்த பாதரசம். முகத்தில் தடவியது தோல் வழியா ரத்தத்துக்குப் போய், சிறுநீரகத்தில் வந்து நின்றிருக்கு. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடை கடையா சோதனை நடத்தியது.

இந்தியச் சட்டப்படி முகப்பூச்சுகளில் பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதனால க்ரீம் வாங்கும்போது இதைப் பாருங்க:

* தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி இருக்கா? ஒண்ணு குறைஞ்சாலும் வேண்டாம்.
* வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண் இருக்கா? 'கல்ஃப்ல இருந்து மாமா கொண்டு வந்தார்' என்பது பதிவு எண் ஆகாது.
* 'மெர்குரி', 'கலோமெல்' என்ற சொற்கள் இருந்தா கீழே வெச்சிடுங்க.
* ஏழு நாளில் வெளுக்குதா? அதுதான் பெரிய எச்சரிக்கை.

ஏற்கெனவே போட்டுட்டிருக்கீங்களா? பதற்றப்படாதீங்க. ஸ்டீராய்டு க்ரீமைப் பல மாசம் போட்டிருந்தா நீங்களா ஒரேயடியா நிறுத்தாம, ட்யூபோட தோல் மருத்துவரைப் பாருங்க. படிப்படியா விடுவிக்க வழி இருக்கு. பேர் இல்லாத வெளுப்பு க்ரீம் என்றால் உடனே நிறுத்திட்டு மருத்துவரிடம் போங்க. முகம், கால் வீங்கினாலோ சிறுநீர் நுரை நுரையாப் போனாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொண்ணு. 1975-ல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி'னு பெயரை மாத்திக்கிச்சு. 'சிவப்பு' என்ற சொல்லை விளம்பரமே விட்டுடுச்சு. நாம மட்டும் ஏன் பிடிச்சுத் தொங்கணும்? ஆரோக்கியமான தோல்னா, அது என்ன நிறமோ அந்த நிறத்திலேயே ஒரே சீராக, மிருதுவா இருக்கிற தோல்.

கிச்சன் வைத்தியம்: எது சரி, எது தப்பு?

*எலுமிச்சைச் சாறு:* வேண்டவே வேண்டாம். கடும் அமிலம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும், மாசக்கணக்கில் போகாத கறுப்புத் தழும்பும் வரலாம்.

*சமையல் சோடா, பற்பசை:* சோடா தோலின் அமிலத்தன்மையைக் கெடுக்கும். பற்பசை பருவைக் காய வைக்கிற மாதிரி தெரிந்து, தோலைப் புண்ணாக்கும்.

*மஞ்சள்:* ஒத்துக்கிறவங்க பூசலாம். அரிப்பு வந்தா நிறுத்திடுங்க. சாயம் கலந்த பாக்கெட்டைவிட, கிழங்கா வாங்கி உரசிப் பூசுவது மேல்.

*கடலை மாவு, பயத்தம்மாவு:* சோப்புக்கு நல்ல மாற்று. நைசா சலிச்சு, அழுத்தாமத் தேய்க்கணும்.

*ஸ்டிக்கர் பொட்டு:* இது கிச்சன் இல்லைன்னாலும் சொல்லியே ஆகணும். சில பொட்டுகளின் பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற ரசாயனம் சிலருக்கு நெற்றியில் நிறத்தையே அழிச்சு வெள்ளைத் தழும்பாக்கும். அரிப்போ வெளுப்போ தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்துங்க.

*சீரம்:* சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசர், ஃபேஸ்வாஷ் மூணும் பழக்கமான பிறகு யோசிக்கலாம். சுருக்கத்துக்கு நல்ல ஆதாரம் உள்ளது ரெட்டினாய்டு வகை. இரவில் மட்டும், குறைந்த அளவில், மருத்துவர் சொல்லி. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தொடவே கூடாது.

தட்டும் தூக்கமும்

பிரானூர் பார்டர்ல புரோட்டா சாப்பிடாம குற்றாலம் ட்ரிப் முடியுமா? சாப்பிடுங்க. அதையே வாரம் முழுக்கச் சாப்பிடாதீங்க. மைதா, சர்க்கரை போல ரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏத்துற உணவுகள் முகப்பருவைக் கூட்டுவதாக ஆய்வுகள் சொல்லுது. கூடுதல் சர்க்கரை, தோலை இறுக்கமா வெச்சிருக்கும் கொலாஜன் இழைகளோட ஒட்டி அதை விறைப்பாக்கும்.

கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேணும். அதுக்கு மாத்திரை தேட வேண்டாம். நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை எல்லாம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். சீசன்ல ரம்புட்டான், மங்குஸ்தானையும் ஒரு கை பாருங்க. புரதத்துக்குப் பயறு, முட்டை, மீன்.

புகை, வாயைச் சுற்றிச் சுருக்கம் கொண்டுவருவதில் வெயிலுக்கு அடுத்த எதிரி. ரத்தக்குழாயைச் சுருக்கி, தோலுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைக்கும். தூக்கம் ஏழு மணி நேரமாவது வேணும். குற்றாலத்துல உங்க முகம் நல்லா இருந்ததுக்குத் தூக்கமும் ஒரு காரணம்னு முதல்லயே சொன்னேனே!

எப்போ டாக்டர்?

* உணர்ச்சியே இல்லாத வெளிர் அல்லது சிவந்த திட்டு. தொழுநோயின் தொடக்கமா இருக்கலாம். முழுசா குணமாகும், அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்.
* வடிவம், நிறம், அளவு மாறுகிற மச்சம். ஆறாத புண்.
* இரண்டு வாரத்தில் அடங்காத படர்தாமரை.
* தழும்பு விடுகிற, வலிக்கிற பரு.
* கழுத்தின் பின்பக்கம் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருந்தா, அது அழுக்கு கிடையாது. இன்சுலின் சரியா வேலை செய்யலை என்பதன் அறிகுறியா இருக்கலாம். தேய்க்காம, சர்க்கரை அளவைப் பாருங்க.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கு. தென்காசிக்காரங்களுக்குத் திருநெல்வேலி பக்கம்தான். ஒரு ட்யூப் வாங்குற காசுக்குப் போயிட்டு வந்துடலாம்.

போன்ல ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க!

*காலை:* லேசான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் (ரெண்டு விரல் அளவு, கழுத்துக்கும் சேர்த்து).

*மதியம்:* வெளியில இருந்தா சன்ஸ்கிரீன் மறுபடி. குடை, தொப்பி.

*குளியல்:* வெதுவெதுப்பு, பத்து நிமிஷம், மூணு நிமிஷத்துக்குள்ள மாய்ஸ்சரைசர்.

*இரவு:* மேக்கப்பை நீக்கி முகம் கழுவி, மாய்ஸ்சரைசர், உதட்டுக்கு ஜெல்லி. போனை ஓரமா வெச்சிட்டுத் தூக்கம்.

*வாரம் ஒருமுறை:* எண்ணெய்க் குளியல், தலையணை உறை, துண்டு துவைத்தல்.

*மாதம் ஒருமுறை:* உடம்பு முழுக்கக் கண்ணாடியில் ஒரு பார்வை. புதுத் திட்டு, மச்சம் ஏதாவது இருக்கா?

அடுத்த சீசனுக்குக் குற்றாலம் வாங்க. நல்லா எண்ணெய் தேய்ச்சு, கழுவிட்டு, அருவியில் நில்லுங்க. பையில் மாத்துத் துணியும் சன்ஸ்கிரீனும் இருக்கட்டும். அப்படியே, உங்க வீட்டு அலமாரியில் பாதி பிதுக்கின, பேர் அழிஞ்ச ட்யூப் ஏதாவது இருக்கானு இன்னைக்கே ஒரு தடவை பார்த்துடுங்க. தங்கச்சி அலமாரியிலும் பாருங்க. எனக்கு அப்போ யாரும் பார்த்துச் சொல்லலை.